பாஸா, தனித்தனி டிக்கெட்டா? ஓர் ஐரோப்பிய ரயில் கணக்கு

கேள்வி, 2 மார்ச் 2025

மே கடைசியில் பாரிஸில் இறங்கி, ரோமில் விமானம் ஏறித் திரும்புகிறோம். 14 நாள். நானும் கணவரும், 14 வயதில் ஒன்றும் 9 வயதில் ஒன்றுமாக இரண்டு பிள்ளைகளும். பாரிஸ், சூரிச், இன்டர்லாக்கன், மிலான், வெனிஸ், ரோம் என்பது திட்டம். ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் ஒரே சீட்டில் போகவிடும் யூரேல் பாஸை வாங்கிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு எந்த ரயிலிலும் ஏறலாம், அதுதான் மலிவு என்று அலுவலகத்தில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

3 மார்ச் 2025

கண்ணை மூடிக்கொண்டு ஏறினால் பாரிஸிலேயே மாட்டிக்கொள்வீர்கள். பிரான்சின் அதிவேக டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சாரோஸ்ஸா, ஸ்பெயினின் ஏவிஇ, கடலுக்கடியில் லண்டன் போகும் யூரோஸ்டார் ஆகியவற்றில் பாஸ் மட்டும் போதாது. ஒவ்வொன்றுக்கும் இருக்கை முன்பதிவு செய்து, அதற்குத் தனியாகப் பணமும் கட்டவேண்டும். இன்னொரு விஷயத்தை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் பார்க்க முடியாது: டிஜிவியிலும் யூரோஸ்டாரிலும் பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கும் இருக்கைகள் குறைவு. அவை தீர்ந்துவிட்டால் ரயில் பாதி காலியாக இருந்தாலும் உங்களுக்கு இடமில்லை. ஒன்று முழு விலை டிக்கெட், அல்லது வேறு ரயில்.

நானும் மனைவியும் 2024 செப்டம்பரில் போனோம். ஒரு மாதத்துக்குள் 7 பயண நாள்கள் என்ற இரண்டாம் வகுப்பு பாஸ். ஆளுக்குச் சுமார் 380 யூரோ. எனக்கு 61 வயது என்பதால் 10 சதவீதம் தள்ளுபடி, மனைவிக்கு 57 என்பதால் முழு விலை. (இதை அவள் ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.) பாரிஸ்–சூரிச், சூரிச்–லூசெர்ன்–இன்டர்லாக்கன், அங்கிருந்து இன்ஸ்ப்ரூக், பிறகு மியூனிக், வியன்னா, வெனிஸ், ரோம். இரண்டு பாஸ், முன்பதிவு எல்லாம் சேர்த்து 813 யூரோ ஆனது.

திரும்பி வந்தபின் மகள் வைத்திருந்த கணக்குத் தாளைப் பார்த்தேன். அதே ஏழு பயணங்களுக்குத் தனித்தனியாக டிக்கெட் வாங்கியிருந்தால் ஆளுக்கு 270, இருவருக்கு 540 யூரோ. 273 யூரோ, அதாவது 25,000 ரூபாயைத் தண்டமாகக் கொடுத்திருக்கிறேன். முப்பத்தைந்து வருடம் வங்கியில் மற்றவர்கள் கணக்கைச் சரிபார்த்தவன் நான்.

ஆகவே என் பதில்: பாஸ் வேண்டாம்.

3 மார்ச் 2025, இரவு

ஜெர்மனியில் படிக்கும் ஒரு மாணவர், தனக்கு யூரேல் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். கிடைக்காது. ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில், வெளியே வசிப்பவர்களுக்கு யூரேல். கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்பது பொருட்டல்ல, வசிக்கும் இடம்தான் கணக்கு. என் மகள் ஜெர்மனியின் ஆகன் நகரில் படிக்கிறாள். அவளுக்கு இன்டர்ரெயில், பெற்றோருக்கு யூரேல். இரண்டும் 33 நாடுகளில் செல்லும், ஆனால் இன்டர்ரெயில்காரர் தான் வசிக்கும் நாட்டுக்குள் வெளியே போக ஒரு முறை, திரும்பி வர ஒரு முறை மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். 27 வயது வரை இளைஞர் விலை உண்டு.

யூரேல் 1959இல் வந்தது, இன்டர்ரெயில் 1972இல். பின்னது முதலில் 21 வயது வரையிலான இளைஞர்களுக்கு மட்டும் என்று ஆரம்பித்தது. நம் ரயில்வேயும் வெளிநாட்டுப் பயணிகளுக்கு இன்ட்ரெயில் பாஸ் என்று ஒன்று வைத்திருந்தது, 2017இல் நிறுத்திவிட்டார்கள். பெயரைப் பார்த்தால் மூன்றும் ஒரே தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் போல இருக்கிறது.

மகள் கடைசியில் இன்டர்ரெயிலும் வாங்கவில்லை. தனித்தனி டிக்கெட்தான். அதைப் பற்றிப் பிறகு.

5 மார்ச் 2025

பாஸ் வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 380ஐ ஏழால் வகுத்தால் ஒரு பயண நாளின் விலை 54 யூரோ. இந்த எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொள்ளுங்கள். ஃப்ளோரன்ஸிலிருந்து பீசா போக ஒரு மணி நேரம். இத்தாலியின் வட்டார ரயில்களில் எப்போது வாங்கினாலும் ஒரே விலைதான், அந்தப் பயணத்துக்கு ஒரு வழிக்குப் பத்து யூரோ அளவில் ஆகும். சாய்ந்த கோபுரத்தைப் பார்த்துவர ஒரு பயண நாளைச் செலவழிப்பவர் 54 யூரோவைக் கொடுத்து 20 யூரோவுக்குப் பொருள் வாங்கிக்கொண்டு சில்லறை கேட்காமல் போகிறார்.

மாறாக, ஒரு பயண நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. அதற்குள் எத்தனை ரயில் வேண்டுமானாலும் மாறலாம். இரவு ரயிலில் ஏறி நள்ளிரவுக்குப் பின் வேறு ரயில் மாறாமல் காலையில் இறங்கினால், ஏறிய நாள் மட்டுமே கணக்கில் வரும். படுக்கைக்கு மட்டும் தனிக் கட்டணம். நீண்ட நாள்களை பாஸில் போடுங்கள், குட்டி நாள்களுக்குக் கையிலிருந்து கொடுங்கள். இதை நான் பயணத்தில் ஐந்தாம் நாள்தான் புரிந்துகொண்டேன்.

இத்தாலியில் ஈத்தாலோ என்ற தனியார் அதிவேக ரயில் ஓடுகிறது. பாஸ் அதில் செல்லாது. பிரான்சின் மலிவு விலை ரயிலான ஊய்கோவிலும் செல்லாது.

9 மார்ச் 2025

ஒரு திருத்தம். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் முன்பதிவு தேவையில்லை என்று வேறோர் இடத்தில் எழுதியிருந்தேன். தேவையில்லை என்பது சரி. இருக்கை கிடைக்கும் என்பது அதற்குப் பொருளல்ல. அங்கே காத்திருப்புப் பட்டியல், ஆர்ஏசி எதுவும் கிடையாது. டிக்கெட் உள்ளவர் எல்லாரும் ஏறலாம், இருக்கையை முன்பே பிடித்தவர் உட்காருவார். இருக்கைக்கு மேலே சின்னத் திரையில் எந்த ஊரிலிருந்து எந்த ஊர்வரை என்று ஒளிரும். சில யூரோக்களை மிச்சப்படுத்தப் போய், ஒரு வெள்ளிக்கிழமை மாலை முக்கால் மணி நேரம் கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் நின்றோம். கதவு திறக்கும்போதெல்லாம் மனைவி என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

16 மார்ச் 2025

என் முதல் குறிப்பை நம்பி யாராவது பாஸ் எண்ணத்தைக் கைவிட்டிருந்தால் கொஞ்சம் பொறுங்கள்.

ஒருவர் ஒரே வரியில் கேட்டார்: "விசா எப்போது கையில் கிடைத்தது?"

ஆகஸ்டு 20. பயணம் செப்டம்பர் 9. இருபது நாள் இடைவெளி.

இந்தக் கேள்வி எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஐரோப்பாவின் நெடுந்தூர ரயில்களில் டிக்கெட் விலை விமான டிக்கெட்டைப் போன்றது. விற்பனை திறக்கும்போது அடிமட்டத்தில் இருக்கும், நாள் நெருங்க நெருங்க ஏறும். நம் ஊரில் தூங்கும் வகுப்பு டிக்கெட்டை அறுபது நாள் முன்பு வாங்கினாலும் பத்து நாள் முன்பு வாங்கினாலும் விலை ஒன்றுதான், இடம் கிடைப்பதுதான் பிரச்சினை. அங்கே தலைகீழ்: இடம் கிடைக்கும், விலைதான் பிரச்சினை. அந்த அடிமட்ட டிக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரு சென்ட்கூட வராது. விசா கைக்கு வராமல் அதை வாங்க எத்தனை பேருக்குத் துணிச்சல் இருக்கும்? இந்த நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பரிசீலனை 15 நாள், தேவைப்பட்டால் 45 நாள். விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பது தனிக் கதை. எனக்குக் கிடைத்தது ஜூலை 30.

மகளின் தாளை மறுபடி எடுத்தேன். அவள் பொறியியல் படிக்கிறவள், இரண்டு பத்தி போட்டிருக்கிறாள். முதல் பத்தி ஜூன் மாத விலை. இரண்டாம் பத்தியின் தலைப்பு "விசா வந்த அன்று". நான் முதல் பத்தியை மட்டும் கூட்டிவிட்டு உங்களிடம் வந்து புலம்பியிருக்கிறேன்.

பாரிஸ்–சூரிச்: ஜூனில் 39, விசா வந்த அன்று 95. சூரிச்–லூசெர்ன்–இன்டர்லாக்கன்: இரண்டிலும் 58. இன்டர்லாக்கன்–இன்ஸ்ப்ரூக்: 60, பிறகு 110. இன்ஸ்ப்ரூக்–மியூனிக்: 20, பிறகு 42. மியூனிக்–வியன்னா: 28, பிறகு 60. வியன்னா–வெனிஸ்: 35, பிறகு 75. வெனிஸ்–ரோம்: 30, பிறகு 60. முதல் பத்தி 270, இரண்டாம் பத்தி 500.

இருவருக்கு 1,000 யூரோ. நான் கொடுத்தது 813. ஆக, 25,000 ரூபாய் இழக்கவில்லை, 17,000 ரூபாய் மிச்சம் பிடித்திருக்கிறேன். ஆறு மாதமாக வீட்டில் இந்த "நஷ்டத்தை" வைத்து என்னைப் பேசியவர்களுக்கு இந்தப் பக்கத்தை அச்சிட்டுக் கொடுத்தாயிற்று.

பாஸ் விலை நாள் நெருங்கினாலும் ஏறாது. பயணத்துக்கு முந்திய நாள் வாங்கினாலும் அதே விலை. முன்னதாக வாங்கிவிட்டு விசா கிடைக்காமல் போனாலும், செயல்படுத்தாத பாஸைத் திருப்பிக் கொடுத்தால் 85 சதவீதம் திரும்பி வரும். (சலுகை விலையில் வாங்கியதற்கு விதி வேறாக இருக்கலாம், வாங்கும் பக்கத்தில் படித்துவிடுங்கள்.) வாங்கிய பின் செயல்படுத்த 11 மாதம் அவகாசம் உண்டு.

அதனால் இப்போது யார் கேட்டாலும் "எத்தனை நாடு, எத்தனை ஊர்" என்று நான் கேட்பதில்லை. "விசா இருக்கிறதா?" என்றுதான் கேட்கிறேன்.

17 மார்ச் 2025

கேள்வி கேட்டவரை மறந்தே போனோம். அவரிடம் இன்னும் விசா இல்லை, விண்ணப்பிக்க இந்த வாரம்தான் நேரம் கிடைத்திருக்கிறதாம்.

உங்கள் பிள்ளைகள் விஷயத்தில் கணக்கு மாறுகிறது. யூரேலில் 4 முதல் 11 வயது வரை பெரியவருடன் போனால் இலவசம், ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள். ஆக ஒன்பது வயதுக்குக் காசில்லை. ஆனால் முன்பதிவு கட்டாயமான ரயிலில் அந்தக் கட்டணத்தைக் குழந்தைக்கும் கட்டவேண்டும். பதினான்கு வயதுக்கு இளைஞர் பாஸ். சுவிட்சர்லாந்துக்கென்று தனியாக உள்ள சுவிஸ் டிராவல் பாஸ் வாங்கினால் 16 வயது நிறையாத இரண்டு பிள்ளைகளும் பெற்றோருடன் இலவசம், அதற்கு ‘சுவிஸ் ஃபேமிலி கார்டு’ என்ற அட்டையைக் கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும்.

உங்கள் திட்டத்தில் பெரிய ரயில் நாள் நான்குதான்: பாரிஸ்–சூரிச், இன்டர்லாக்கன்–மிலான், மிலான்–வெனிஸ், வெனிஸ்–ரோம். நடுவில் சுவிஸில் ஐந்து நாள் சுற்றல். இதற்கு யூரேல் பொருந்தவில்லை. சுவிஸுக்குள் சுவிஸ் பாஸ், வெளியே தனித்தனி டிக்கெட். இன்டர்லாக்கனுக்கு மேலே யுங்ஃப்ராவ் பக்கம் ஏறும் ரயில்களில் யூரேலுக்கு 25 சதவீதத் தள்ளுபடிதான். சுவிஸ் பாஸ் கிரிண்டல்வால்ட், வெங்கன் வரை முழுதாகச் செல்லும், அதற்கு மேலே உச்சிக்குப் போகத்தான் காசு.

23 மார்ச் 2025

மகள் டிக்கெட்டைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன்.

அவள் இன்ஸ்ப்ரூக்கில் எங்களுடன் வந்து சேர்ந்தாள். மறுநாள் மூவரும் மியூனிக் போகவேண்டும். எங்களிடம் பாஸ், அவளிடம் 20 யூரோ டிக்கெட். குறிப்பிட்ட அந்த ஒரே ரயிலில்தான் செல்லும். காலை முழுக்க மழை. ஊரின் அடையாளமான பொன் கூரை மாடத்தின் 2,657 செப்புத் தகடுகளையும் குடைக்கடியிலிருந்து எண்ணிவிடுவோம் போலிருந்தது. பதினோரு மணிக்கு மேகம் விலகியது. தெருமுனையில் வீடுகளுக்கு மேலே திடீரென்று நார்ட்கெட்டே மலை நின்றது. அவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறது. மனைவி பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள். "கேபிள் காரில் பாதி மலைவரை போய்விட்டு வரலாம்" என்றாள்.

எங்களுக்கு எந்த ரயிலும் சரி. மகளுக்கு இன்னும் நாற்பது நிமிடம். "இருபது யூரோதானே, விடு, நான் வேறு டிக்கெட் வாங்கித் தருகிறேன்" என்றேன். "அப்பா, அது எனக்கு மூன்று நாள் சாப்பாடு" என்று சொல்லிவிட்டு நிலையத்துக்குப் போய்விட்டாள். நாங்கள் மலைக்குப் போனோம். கேபிள் காருக்கு ஆளுக்குக் கொடுத்தது அவள் டிக்கெட்டைப் போல இரண்டு மடங்கு. அடுத்தடுத்து வந்த ரயில்களில் ஒன்றில் ஏறி மியூனிக்கில் இறங்கியபோது நடைமேடையில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்காக வாங்கிய இரண்டு பிரெட்ஸல் ரொட்டிகள் ஆறிப்போயிருந்தன.

மலையிலிருந்து எடுத்த புகைப்படங்களை அவளிடம் காட்ட மனைவிக்கு மூன்று நாள் ஆயிற்று.

மலிவு டிக்கெட்டில் இன்னொரு சிக்கல். இரண்டு ரயில்களுக்குத் தனித்தனியாக டிக்கெட் வாங்கி, முதல் ரயில் தாமதமாகி, இரண்டாவதைத் தவறவிட்டால் இரண்டாம் டிக்கெட் பெரும்பாலும் வீண். முழுப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்த ரயிலில் ஏற்றுவார்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி சேருமிடத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமானால் டிக்கெட் விலையில் 25 சதவீதம், இரண்டு மணி நேரமானால் 50 சதவீதம் கேட்டு வாங்கலாம். சலுகை விலையில் ஐந்து யூரோ மிச்சமாகிறதே என்று பயணத்தைத் துண்டு துண்டாக வாங்காதீர்கள்.

24 மார்ச் 2025

சூரிச்சில் இருபத்தைந்து வருடமாக வசிக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் என் தாளில் ஓட்டை கண்டுபிடித்திருக்கிறார். சூரிச்–லூசெர்ன்–இன்டர்லாக்கனுக்கு 58 என்று இரண்டு பத்தியிலும் ஒரே விலையை எப்படிப் போடலாம் என்று கேட்கிறார். சுவிஸில் நாள் முழுக்க ரயில், படகு, டிராம் எல்லாவற்றுக்கும் செல்லும் சேமிப்பு நாள் அட்டை ஒன்று இருக்கிறதாம். முன்கூட்டி வாங்கினால் 52 பிராங்கிலிருந்து, அரை விலை அட்டை உள்ளவருக்கு 29இலிருந்து. இதுவும் நாள் நெருங்கினால் ஏறும்.

ஒப்புக்கொள்கிறேன். மகளிடம் தொலைபேசியில் சொன்னேன். "அது தெரியும் அப்பா, உங்களுக்கு மூன்றாவது பத்தி போட்டால் குழம்பிவிடுவீர்கள் என்று விட்டுவிட்டேன்" என்றாள்.

அதே அன்பர், பாரிஸில் ரயில் ஏறுபவர்கள் கார் து நோர் நிலையத்துக்குப் பின்னால் லா ஷப்பேலில் தமிழ்க் கடைகளில் சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாம் என்கிறார். நல்ல யோசனை, ஒரு எச்சரிக்கையோடு: சூரிச் ரயில் கார் து நோரிலிருந்து கிளம்பாது. கார் து லியோனிலிருந்து. பாரிஸில் திசைக்கு ஒரு நிலையம். இடியாப்பப் பொட்டலத்தோடு தவறான நிலையத்தில் நிற்காதீர்கள்.

6 ஏப்ரல் 2025

உதிரியாகச் சில.

பெட்டி. சுமைதூக்குபவர் என்று யாரும் கிடையாது. தன் பெட்டியைத் தானே மூன்று படி தூக்க முடியாதவர் பெட்டியைச் சிறியதாக்கிக்கொள்ளவேண்டும். நாங்கள் ஊறுகாய்க்கென்றே ஒரு பெட்டி கொண்டுபோனவர்கள்.

தயிர்சாதம். ரயிலில் சாப்பிட்டால் யாராவது முறைப்பார்களா என்று கேட்கிறார்கள். எதிரில் இருந்த பெரியவர் கத்தியை எடுத்துப் பாலாடைக்கட்டி நறுக்கினார். அதன் வாசனைக்கு முன்னால் எங்கள் மாவடு ஒன்றுமே இல்லை.

பாஸ் இப்போது பெரும்பாலும் கைபேசிச் செயலியில்தான். ரயிலில் ஏறுமுன் அந்தப் பயணத்தைச் செயலியில் சேர்க்கவேண்டும், பரிசோதகர் கேட்டால் க்யூஆர் குறியீட்டைக் காட்டவேண்டும். சேர்க்காமல் ஏறினால் டிக்கெட் இல்லாதவர் கணக்கு. ஒரே கைபேசியில் குடும்பத்தார் அனைவரின் பாஸையும் வைக்கலாம். நான் அப்படித்தான் வைத்தேன். வியன்னா தாண்டியதும் மின்சாரம் நாலு சதவீதம், கூடுதல் மின்கலம் விடுதி மேசையில். ரயிலில் செருகுமுனை இருந்ததால் பிழைத்தோம்.

11 மே 2025

கேள்வி கேட்டவருக்கு விசா மே 6 அன்று வந்தது. 20ஆம் தேதி புறப்படுகிறார்கள். பதினான்கு நாள் இடைவெளி, எங்களைவிட மோசம்.

பாரிஸ்–சூரிச் நேரடி ரயில் நால்வருக்கும் சேர்த்துப் பார்த்தால் மயக்கம் வருகிறது என்று எழுதியிருக்கிறார். பாரிஸின் கார் து லெஸ்ட் நிலையத்திலிருந்து ஸ்ட்ராஸ்பர்க் வரை டிஜிவி, இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. அங்கிருந்து பாசல் வரை வட்டார ரயில், அதற்கு முன்பதிவு கிடையாது. பாசல் வந்துவிட்டால் சுவிஸ் பாஸ் ஆரம்பித்துவிடும். இப்படிப் போனால் எவ்வளவு என்று பாருங்கள். ஸ்ட்ராஸ்பர்க்கில் இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டால் பேராலயத்தையும் பார்த்துவிடலாம். இந்த ஒரு இடத்தில் மட்டும் துண்டாக வாங்குங்கள் என்கிறேன். மார்ச்சில் நானே வேண்டாம் என்றது நினைவிருக்கிறது.

9 ஜூன் 2025

திரும்பி வந்துவிட்டார்கள். ஸ்ட்ராஸ்பர்க் வழிதான். நேரடி ரயிலைவிட நால்வருக்கும் சேர்த்து 140 யூரோ குறைவாம். பேராலயத்துக்குள் போகவில்லை, பதினான்கு வயதுக்காரன் நிலையத்தின் கண்ணாடிக் கூரையைப் படம் எடுப்பதிலேயே நேரம் போய்விட்டது.

ஒரே ஒரு தவறு. வெனிஸ் டிக்கெட்டை மெஸ்ட்ரே நிலையம்வரை வாங்கி, இறங்கி, "கால்வாயைக் காணோமே" என்று தேடியிருக்கிறார்கள். மெஸ்ட்ரே நிலப்பகுதியில் இருப்பது. கடல் பாலத்தைத் தாண்டி சாந்தா லூச்சியா நிலையம் வரை இன்னும் பத்து நிமிடம் போகவேண்டும். இதை நான் மார்ச்சிலேயே எழுதியிருக்கவேண்டும். என் மனைவியும் அங்கேதான் இறங்கினாள். நான் இறங்கவில்லை. அந்தக் கதையை அவள் அனுமதி இல்லாமல் எழுத முடியாது.